வண்டியை இறக்குகிற விஷயம்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்று நான் வாய் திறக்கும் முன்பே இவள் எழுதப் போனாள், நான்தான் தடுத்தேன். நன்றாக இருக்கிறோமா இல்லையா என்பது என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று எனக்கு ஒரு சந்தேகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த வறட்டு இருமல் விட்டதா, அறையில் கூட இருக்கிற பையன் ஒழுங்கானவன்தானா? இதையெல்லாம் போனில் கேட்டால் ஆகாதா என்பாய். போனில் கேட்டால் இந்தப் பக்கம் உங்க அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அந்தப் பக்கம் நீ சிக்னல் சரியில்லை என்று நழுவிவிடுகிறாய். காகிதத்தில் சிக்னல் போகாது பார், அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது உங்க அப்பா வீட்டுக்குப் பின்னால் நின்று யாரிடமோ போனில், "வண்டியை இறக்கிடறேன், அவளுக்கு இப்போ தெரிய வேணாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வண்டி இறக்கினான் என்றால் ஊரில் என்ன அர்த்தம்? புது வண்டி வாங்கித் தெருவில் விட்டான் என்றுதானே? இருக்கிற ஒரு வாடகை வண்டிக்கே டயர் மாற்ற யோசிக்கிற மனுஷன், யாரை நம்பி இன்னொன்று இறக்குகிறார், யாருக்காக இறக்குகிறார், என்னிடம் மறைக்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று ஈரத் துணியைப் பிழிந்தபடியே நின்றேன், இன்னும் கொஞ்சம் பிழிந்திருந்தால் அது கிழிந்திருக்கும். அன்றிலிருந்து நான் அவரிடம் பேசவில்லை, தட்டை வைக்கிற சத்தம்தான் பேசியது. பிறகு பொறுக்க முடியாமல், புது வண்டிக்கு என்ன கலர் என்று நேராகவே கேட்டுவிட்டேன். புரையேறுகிற வரைக்கும் சிரித்தார். "அடியே, புதுசா எதையும் இறக்கல. இருக்கிற வண்டியைத்தான் இறக்கப்போறேன், உயரத்தைக் குறைக்கப்போறேன்" என்றார்.

சந்தேகம் அதோடு தீர்ந்ததென்று நினைக்கிறாயா, அங்கேதான் ஆரம்பித்தது. தரையோடு தரையாக இறக்கிய வண்டிகளில் இளவட்டப் பிள்ளைகள் போவதைப் பார்த்து, காசு கொடுத்து வண்டியை வயித்தால ஊர வைக்கிறானுங்க என்று கேலி பண்ணியது யார்? இந்த வயதில் அவருக்கு ஏன் அந்த ஆசை? கேட்டால், "மேடு பள்ளமான ஊர்ல வளைவு ஜாஸ்தி, வண்டி சாயுது" என்று பதில் வருகிறது. இத்தனை வருஷம் சாயாத வண்டியா இப்போது சாய்கிறது?

சரி என்று நானே மெக்கானிக்கிடம் போனேன். தங்கை சீட் கவர் தைக்கிற கடைக்கு அடுத்த கடைதான், உனக்குத் தெரியும், வாயைத் திறந்தால் சத்தியமா சத்தியமா என்பானே, ஊரே சத்தியம் என்று கூப்பிடுமே, அவன்தான். "சத்தியமாக்கா, வேற ஸ்பிரிங் போட்டுக் கொஞ்சம் இறக்கிட்டா வளைவுல தரையைக் கவ்விப் பிடிச்சுக்கும், சத்தியமா" என்றான். ஒன்று போதும் என்கிற இடத்தில் ரெண்டு சத்தியம் பண்ணுகிறவனை நான் நம்புவதில்லை. பக்கத்து வீட்டு வேன்காரரையும் கேட்டேன். அவர் சொன்னது, "அவன் சொல்றது பொய்யில்லக்கா, ஆனா அது வளைவுல பறக்கிறவனுக்கு. ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏத்திட்டுப் போறவருக்கு எதுக்கு? நம்ம தெரு ஏறி மெயின் ரோட்டைத் தொடற இடத்துல கூன் முதுகு மாதிரி மேடு இருக்கே, உங்க வண்டி உயரமா இருக்கிறதால தப்பிக்குது. இறக்கிட்டா நிறைய ஆளோட போறப்ப ஆமையைப் போட்ட மாதிரி வயித்துல நிக்கும், சைலன்சர் கழண்டு விழும்." இது எனக்குப் புரிந்தது. திரும்பி வந்து சத்தியத்திடம், வண்டி என் பெரியவன் பெயரில் இருக்கிறது, அவன் சொல்லாமல் கை வைக்காதே என்று கறாராகச் சொன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "பெரியவன் சரின்னு போன்லயே சொல்லிட்டானே, சத்தியமா" என்றான். அந்த ஒரு சத்தியத்தை மட்டும் நம்பினேன். அப்படியென்றால் பின்பக்கம் நின்று பேசியது உன்னோடுதான். அப்பனும் பிள்ளையும் சேர்ந்து என்னிடம் என்னடா மறைக்கிறீர்கள்?

இன்னும் இருக்கிறது, கேள். முன்பெல்லாம் வந்த வாக்கிலேயே வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவார். இப்போது வாசலைத் தாண்டி மேலே தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போகிறார், அங்கே திருப்பிக்கொண்டு வந்து எதிர்ப்பக்கம் நிறுத்துகிறார். எஞ்சினை அணைத்தபிறகும் உடனே இறங்குவதில்லை. தொட்டிப் பக்கம் யார் இருக்கிறார்கள், இறங்காமல் உட்கார்ந்து யாரிடம் பேசுகிறார் என்று நான்

இந்த இடத்தில் உன் தங்கை பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். உனக்குத்தான் தெரியுமே, இவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க ரெண்டு பேர் வேண்டும். தலையைக் குனிந்துகொண்டே, "அம்மா, தொட்டிகிட்ட யாரும் இல்லம்மா. எதிர்ப்பக்கம் நடைபாதை உயரமா இருக்கு. வண்டியைத் திருப்பி அங்க நிறுத்தினா அப்பா கதவு அந்தப் பக்கம் வரும், குதிக்காம காலை வைச்சுக்கலாம். அப்பாவால இறங்க முடியலம்மா" என்றாள். கடை வாசலில் நிறுத்தும்போது பார்த்திருக்கிறாள். வலது காலை வெளியே வைத்துவிட்டு, இடது காலைப் பேன்ட் துணியோடு பிடித்துத் தூக்கி எடுத்து வைக்கிறாராம், யாராவது பார்த்தால் பேன்ட்டில் தூசி தட்டுகிற மாதிரி தட்டுகிறாராம். ஏண்டி இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன். நீங்க கேக்கலையே என்கிறாள். இதையும் எழுது என்றேன், எழுதுகிறாள்.

ஆக, அவர் வண்டியை இறக்குவது வளைவுக்காக இல்லை, தான் இறங்குவதற்காக. உனக்கு இது தெரியும். தெரிந்துதான் சரி என்றிருக்கிறாய். அப்பா மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்திருப்பாய். ஆனால் நீயும் வண்டி ஓட்டத் தெரிந்தவன், இதை யோசித்தாயா? கிளட்சை மிதிப்பது எந்தக் கால், அந்த இடது கால்தானே? இந்த ஊரில் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்காமல் ஒரு தெருவைத் தாண்ட முடியுமா? நோயாளியை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி மேட்டில் நிற்கும்போது அந்தக் கால் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் வண்டி பின்னால்தான் உருளும், உயரமான வண்டியானாலும் குட்டை வண்டியானாலும். செருப்புக் கடித்தால் ரோட்டையா செதுக்குவார்கள்? ஸ்பிரிங்கை விடு, காலைப் பார்க்க வேண்டும். அவர் டாக்டரிடம் போனாரா? போயிருந்தால் டாக்டர் என்ன சொன்னார்? காலை மறைத்தவர் வேறு எதை மறைக்கிறார்? ஒன்று விடாமல் எழுது. மழுப்பினால் எழுத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

உன் உடம்பு நன்றாக இருக்க வேண்டும், உன் வேலை நிலைக்க வேண்டும், கோபத்தோடு சொன்னாலும் அம்மா வாழ்த்து வாழ்த்துதான். பதிலை வீட்டு விலாசத்துக்குப் போடாதே, தங்கை கடை விலாசத்துக்குப் போடு. வண்டிச் சத்தம் கேட்கிறது, நான் போய்ப் பையை வாங்குகிற சாக்கில் தோளைக் கொடுத்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் சந்தேகமாகவே இருக்கும்
அம்மா

அண்ணா, இது நான். அம்மா வெளியே போய்விட்டாள், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா அம்மா தோளில் கை வைக்கவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். அதனால் அம்மா அவர் கையைப் பிடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவர்மேல் சாய்வது மாதிரி நின்றாள். "என்னடி, கால் வலிக்குதா?" என்று அப்பா கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்து, ஆமா, முட்டி சரியில்லை என்றாள். "அதை இத்தனை நாளா சொல்லாம மறைச்சியா? நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்" என்று அப்பா சத்தம் போடுகிறார். அம்மா எதிர்த்துப் பேசவே இல்லை. ரெண்டு பேரும் மெதுவாகத் தெருவைக் கடந்து வருகிறார்கள், உள்ளே வருவதற்குள் இதை ஒட்டிவிடுகிறேன். நீ சத்தியத்துக்குப் போன் பண்ணி வண்டியைத் தொடாதே என்று சொல்லிவிடு, எனக்கு அவரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

தங்கை