கணினியின் ஓரத்தில் ஒரு சுவிட்ச்

2008 நவம்பர் 14, வெள்ளி

பழைய மடிக்கணினியில் மூன்று நாளாக வைஃபை வரவில்லை. கனடாவில் பிறந்த பேத்தியின் முகத்தை இன்னும் நாங்கள் பார்க்கவில்லை. இன்று பின்மூடியைக் கழற்றி, வைஃபை கார்டைத் துடைத்து, வயர்களைத் திரும்ப மாட்டினேன். பலனில்லை. கார்ட் செத்துவிட்டது என்று அறிவித்தேன்.

"இதென்னப்பா, ஓரத்தில சின்னச் சுவிட்ச்?" என்று மனைவி நகத்தால் தள்ளினாள். நீல விளக்கு எரிந்து இணையம் வந்துவிட்டது! செவ்வாய்க்கிழமை பேராதனை இராணுவச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் கணினியைப் புரட்டிப் பார்த்தபோது விரல் பட்டிருக்க வேண்டும்.

திரையில் பேத்தி கொட்டாவி விட்டாள். "ஆரைப்போல அம்மா?" என்றாள் மகள்.

"மூக்கு உன்ர அப்பான்ர. மூளையெண்டாலும் என்ர மாதிரி இருக்கட்டும்."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மேசையில் இரண்டு ஸ்க்ரூ மிச்சம் கிடக்கின்றன. மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.