வேலை கொடுத்தவர் பெயர்

ரெசிஸ்தென்சியா, சாக்கோ
6 மார்ச் 2006

தெல்மாவுக்கு,

பெயருக்கு முன்னால் ‘அன்புள்ள’ இல்லை என்பதைக் கவனித்திருப்பாய். கவனிக்கட்டும் என்றுதான் விட்டேன். ரொசாரியோவை விட்டு வந்து, இங்கே என் தங்கை வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் இருப்பாய் என்று நினைக்கிறேன்.

இனிமேல் தொலைபேசியில் கூப்பிடாதே. மூன்று தடவை என் தங்கை எடுத்தாள். மூன்று தடவையும் நான் குளிப்பதாகச் சொல்லச் சொன்னேன். இப்படிக் குளித்தால் தோல் உரிந்துவிடும். சொல்ல வேண்டியதை எழுது. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான், ஆனால் எழுதி வந்ததை நூறு தடவை படிப்பேன்.

என் மகள் மிர்த்தாவின் காயம் ஆறிவிட்டது. வலது முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை, அதற்கு மேலே வலி மட்டும் இருக்கிறது. இடது கையால் பொத்தான் போடுகிறாள். தன் மகளுக்குத் தலை பின்ன வரவில்லை. போன வாரம் சின்னவளை உட்கார வைத்து, முடியை ஒட்ட வெட்டச் சொன்னாள். வெட்டியது நான். அழுதது மூன்று பேரும்.

ஆஸ்பத்திரிச் சன்னலில் நடந்தது உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. காகிதம் நிரப்பிய பெண் கேட்டாள், “வேலை கொடுத்தவர் பெயர்?” மிர்த்தா வெளுத்த உதட்டோடு, “நாங்கதான்” என்றாள். “அடிபட்டது யாரு?” “நான்தான்.” “ஏம்மா, நீங்களே முதலாளி, நீங்களே வேலையாளா? முதலாளிக்கு விபத்துக் காப்பீடு கிடையாதே.” நீ பக்கத்தில் நின்று அந்தப் பெண்ணோடு சண்டை போட்டாய். அதையும் மறக்கவில்லை.

அன்றைக்குக் கட்டிலருகே நின்று எல்லோர் சார்பிலும் சொன்னாயே, “அவ பங்கு அவளுக்குத்தான், வேலைக்கு வந்தாலும் வராட்டியும்” என்று. இந்த மாதம் பாதிதான் வந்திருக்கிறது. கூட்டுறவுச் சபையைக் கூட்டியிருப்பீர்கள், கை தூக்கியிருப்பீர்கள். யார் யார் தூக்கினார்கள்? ஒரு பெயரும் விடாமல் எழுது.

எல்விரா


ரொசாரியோ
22 மார்ச் 2006

அன்புள்ள எல்விரா,

நான் அப்படித்தான் எழுதுவேன். பிடிக்காவிட்டால் அந்தச் சொல்லை மட்டும் கிழித்துப் போடு.

நீ பெயர் கேட்பது எதற்கென்று எனக்குத் தெரியும். சுவரில் ஆணி அடித்து மாட்டுவதுபோல் ஒவ்வொன்றையும் மாட்டி வைப்பாய். ஆனாலும் சபைப் புத்தகத்தைப் பார்க்க உறுப்பினர் எல்லோருக்கும் உரிமை உண்டு, நீ இன்னும் உறுப்பினர்தான். தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பாதியாகக் குறைக்கப் பதினெட்டுக் கை. வேண்டாம் என்று பத்து. தலைவியாகிய நான் கை தூக்குவது சமமாக வந்தால் மட்டும்தான். என் கை கீழே இருந்தது.

பேச்சை முடித்து வைத்தது மெக்கானிக் அன்செல்மோ. எழுந்து நின்று சொன்னார்: “அன்னிக்கே சொன்னேன், அந்த மாவு எந்திரத்துல கம்பியக் கட்டாதீங்கன்னு. என் ஒரு கைதான் கீழ இருந்துச்சு. உங்க கை எல்லாம் மேல. உங்க கை செஞ்சதுக்கு என் சோத்துல ஏன் எடுக்கறீங்க?” அவர் சொன்னது நியாயம், எல்விரா.

விபத்துக்குப் பிறகு இரண்டு மாதம் எந்திரத்தைச் சீல் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்குப் பாஸ்தா கொடுக்கும் ஆர்டர் வேறொருவனுக்குப் போய்விட்டது. மாவு மில்காரன் கையில் காசு வைத்தால்தான் மூட்டையை இறக்குகிறான். காயவைக்கும் பகுதியில் வேலை செய்யும் ரூபெனின் மனைவி மூன்றாவதைச் சுமக்கிறாள். முதலாளி வெர்ச்செலி காலத்தில் வாங்கியதைவிடக் குறைவாக வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. நிலைமை இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பி கட்டலாம் என்று அக்டோபரில் நீயும் கை தூக்கினாய். முன்வரிசையில் நின்று தூக்கினாய்.

மிர்த்தாவை முத்தமிட்டதாகச் சொல்.

உன் தெல்மா


ரெசிஸ்தென்சியா
19 ஏப்ரல் 2006

தெல்மா,

பெயர்கள் வந்து சேர்ந்தன. பொட்டலம் கட்டும் பகுதியில் நாலு பேருமா? நான் பொட்டலம் மடிக்கச் சொல்லிக்கொடுத்த நாலு பேரும்! இரண்டாயிரத்து இரண்டில் வெர்ச்செலி கதவைப் பூட்டிவிட்டு ஓடியபோது, பூட்டை உடைத்தது யார், வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது யார் என்று எனக்குத் தெரியும். போலீஸ் வந்த நாளில் ரூபென் வயிற்று வலி என்று கழிப்பறைக்குள் போனவன், வண்டி போன பிறகுதான் வெளியே வந்தான். அவனுடைய வயிற்றுக்கும் நான்தான் கஷாயம் வைத்தேன்.

ஆமாம், நான் தூக்கினேன். மறைத்தேனா? மூடியைத் திறந்தால் நிற்க வேண்டிய எந்திரம், மூடியிருக்கும்போதே நின்று நின்று கழுத்தை அறுத்தது. சரி செய்யப் பத்து நாள். அதற்குள் பள்ளிக்கூட ஆர்டர் போய்விடும். ‘மூடிச் சுவிட்சைக் கம்பியால் கட்டி ஓட்டலாம், கிறிஸ்துமஸ் வரைக்கும்தானே’ என்று எவனோ சொன்னான். எவனோ இல்லை, நான்தான் சொன்னேன். உனக்கும் தெரியும், நீ எழுதாமல் விட்டாய். அந்த ஒரு பெருந்தன்மைக்காக உன்மேல் இன்னும் கோபம் வருகிறது.

உன் கடிதத்தை மிர்த்தாவுக்குப் படித்துக் காட்டினேன். “நானும்தாம்மா தூக்கினேன். அதே கைய. அது இனிமே சபைக்கு வராது, விடு” என்று சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு எழுந்திருக்கவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு வக்கீல் இருக்கிறார். நல்ல மனுஷன், பல்தான் மோசம். அவர் சொல்கிறார்: “உரிமையாளரா இருந்தா உங்க பொண்ணுக்கு ஒண்ணும் கிடைக்காது. கூலிக்கு இருந்தாள்னா கிடைக்கும். கூட்டுறவுங்கறது வாசல்ல மாட்டுன பலகை, உள்ள ஒரு முதலாளியம்மா இருந்தாங்க, அவங்க சொன்னதைத்தான் செஞ்சோம்னு எழுதுங்க. மக கையெழுத்துப் போடணும், நீங்க சாட்சி சொல்லணும்.” பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டேன். எந்திரங்களை விற்றாவது கொடுக்கச் சொல்லும் கோர்ட் என்றார். காகிதத்தில் வேலை கொடுத்தவர் பெயர் என்ற இடத்தை வெறுமையாக விட்டு என் கையில் கொடுத்திருக்கிறார்.

மிர்த்தா தொடமாட்டேன் என்கிறாள். “நாலு வருஷம் நான் யாருக்கும் கூலி இல்லம்மா. அது ஒண்ணுதான் என்கிட்ட மிச்சம். அதையும் வெட்டி எடுத்துட்டுப் போகச் சொல்றியா?”

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை வந்தாளே, சோஷலிசம் என்றால் உங்களுக்கு என்ன என்று ஒலிப்பதிவுக் கருவியை நீட்டிக்கொண்டு? “எங்களை யாரும் வெளியே தள்ள முடியாது, அதுதான்” என்று நீ சொன்னாய். “தலைவியும் முறை வைச்சுக் கக்கூஸ் கழுவணும், அதுதான்” என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் கழுவினாய், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உன் பதிலைத்தான் அவள் எழுதிக்கொண்டு போனாள். இப்போது சொல், என் மகளை வெளியே தள்ளியது யார்?

நான் கேட்பது ஒன்றுதான். சபையைக் கூட்டு. முழுப் பங்கையும் திரும்பக் கொடுங்கள். கொடுத்தால் இந்தக் காகிதத்தை அடுப்பில் போடுகிறேன்.

எல்விரா


ரொசாரியோ
30 மே 2006

அன்புள்ள எல்விரா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நாலாவது இது.

சபையைக் கூட்டினேன். உன் கடிதத்தை முழுவதும் படித்தேன், ரூபெனின் வயிற்று வலியையும் சேர்த்து. அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். பிறகு முழுப் பங்குக்கு ஆதரவாக முதல் கை தூக்கியதே அவன்தான். இதை நீ சுவரில் மாட்டி வை.

பதினாலு கை முழுப் பங்குக்கு. பதினாலு கை வேண்டாம் என்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எல்விரா, நான் வேண்டாம் என்று தூக்கினேன்.

கிழித்துப் போடாமல் மீதியையும் படி. ஆலையை நிரந்தரமாக நம்மிடம் கொடுக்கும் சட்டம் ஆகஸ்டில் சாந்தா ஃபே சட்டசபையில் ஓட்டெடுப்புக்கு வருகிறது. அன்று வரை ஆலை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முழுப் பங்கு கொடுத்தால் ஜூலை மாதம் மாவு வாங்க முடியாது. எந்திரம் ஒரு வாரம் நின்றால் போதும், அதைப் படமெடுத்து ஆலையைத் திருப்பிக் கேட்க வெர்ச்செலியின் வக்கீல் காமிராவோடு வாசலில்தான் நிற்கிறான். முப்பது குடும்பம். ஒரு தட்டில் முப்பதையும் மறு தட்டில் மிர்த்தாவையும் வைத்துப் பார்த்தேன். ஞானத்தாயாக நான் தூக்கிப் பிடித்த பிள்ளை அவள். ஞானஸ்நானத் தொட்டியில் என் கையில்தான் கிடந்தாள். தெரிந்துதான் தூக்கினேன்.

அந்தக் காகிதத்தில் நீ கையெழுத்துப் போட்டால் வெர்ச்செலிக்கு வேறு எதுவுமே தேவையில்லை. ‘பார்த்தீர்களா, அவர்களே சொல்கிறார்கள், கூட்டுறவு என்பது பொய்’ என்பான். உன்னிடம் கெஞ்சுகிறேன். ஆகஸ்ட் வரை பொறு. பிறகு நானே எழுந்து முழுப் பங்குக்குப் பேசுகிறேன்.

கோபத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் இன்னும் உறுப்பினர்கள். அந்தச் சபைக்குப் பேருந்து ஏறி வந்திருந்தால் பதினாறு கை. என் கைக்கு வேலையே வந்திருக்காது.

உன் தெல்மா


ரெசிஸ்தென்சியா
17 ஜூன் 2006

தெல்மா,

படித்தேன். நூறு தடவை இல்லை, இரண்டு தடவை போதுமாக இருந்தது.

பேருந்து ஏறி வந்திருக்கலாம் என்கிறாய். சரிதான். நான் வராததற்குக் காரணம் பிடிவாதம்தான். நீங்கள் நாங்கள் இல்லாமலே சரியாகச் செய்கிறீர்களா என்று பார்க்க நினைத்தேன். பார்த்துவிட்டேன். இதற்கு என் மேலும் ஒரு ஆணி அடித்திருக்கிறேன்.

மிர்த்தா உன் கடிதத்தைத் தானே வாங்கிப் படித்தாள். “ஞானஸ்நானத் தொட்டி” என்ற இடத்தில் நிறுத்தினாள். பிறகு மடித்து வைத்துவிட்டு, “பேனா எங்கம்மா?” என்றாள். அவ்வளவுதான். இடது கையால் போட்டாள். முதலில் வந்தது அவள் கையெழுத்து மாதிரியே இல்லை என்று வக்கீல் இன்னொரு தாள் கொடுத்தார். மொத்தம் நாலு தாள் ஆயிற்று. ஒவ்வொன்றிலும் தான் கூலிக்காரியாக இருந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தேன்.

வெறுமையாக இருந்த இடத்தில் உன் பெயரை எழுதியது நான். சுவிட்சைக் கட்டச் சொன்னது நீ என்றும் எழுதியிருக்கிறது.

நீ முதலாளி என்று நான் நினைப்பதாக எண்ணிவிடாதே. வெர்ச்செலியிடம் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான், முதலாளி எப்படி இருப்பான் என்று தெரியும். ஆளின் முகம் தெரியாமல் வெட்டுவான். நீ முகம் தெரிந்து வெட்டினாய். அப்படி வெட்ட நம்மைப் போன்றவர்களால்தான் முடியும். அந்த நாலு வருஷம் நிஜம். அது நிஜமாக இருந்ததால்தான் என் மகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பொய் என்று சொன்னால் ஒரு செயற்கைக் கை வைத்துக் கொடுப்பார்கள், பிள்ளைகளுக்குச் சோறு போடுவார்கள். நான் என்ன செய்யட்டும்? ஒரு தட்டில் முப்பதையும் மறு தட்டில் அவளையும் நானும் வைத்துப் பார்த்தேன். எனக்கு வேறு மாதிரி சாய்ந்தது.

விசாரணை ஜூலை பதினொன்றாம் தேதி, ரொசாரியோவில். உன்னையும் கூப்பிடுவார்கள். சபைப் புத்தகத்தை எடுத்து வா. எங்களிடம் முதலாளி கிடையாது, எல்லோரும் கை தூக்கினோம், கம்பி கட்டச் சொன்னவளே எல்விராதான் என்று நீதிபதியிடம் உரக்கச் சொல். தயங்காதே, எனக்காகக் குரலைத் தாழ்த்தாதே. நீ சொல்வது அத்தனையும் உண்மையாக இருக்கும்.

அதன் பிறகு நான் எழுந்து, நீ பொய் சொல்கிறாய் என்று சொல்லுவேன். நீதிபதி என்னை நம்ப வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கோர்ட் நடைவழியில் பார்த்தால் பேச வராதே.

எல்விரா பெனீத்தெஸ்