மூன்றாவது ஜி

திங்கள், 8 பிப்ரவரி 1982

காலையில் பனி. பாலத்திலிருந்து பாலாற்று மணல்கூடத் தெரியவில்லை. ஆம்பூர் மொத்தமும் சுண்ணாம்பு வாடையும் தோல் பதனிடும் டிரம்கள் உருளும் சத்தமுமாக மட்டும் இருந்தது.

செய்ய வேண்டியவை: குரோம் கரைசல் சாம்பிள். மூக்குக் கண்ணாடிக்குத் திருகு. கமலாவுக்கு நல்லெண்ணெய்.

விமானப்படைக்கு மாதிரிக்கு அனுப்பிய கையுறைகளில் முக்கால்வாசி பார்சலில் திரும்பி வந்துவிட்டன. செம்மறித் தோல். நான் போட்ட பதம், நான் கொடுத்த சாயம். கூடவே தாமஸ் என்ற விமானி எழுதிய துண்டுச் சீட்டு: "தோல் பிரமாதம். மேலே போனால் பிடி கிடைப்பதில்லை."

மேலே போனால் என்றால்? லேபில் நனைத்து, காயவைத்து, இழுத்து, முறுக்கிப் பார்த்தாயிற்று. பிடி கிடைக்கிறது. தரையில் எல்லாவற்றுக்கும் பிடி கிடைக்கிறது.

மதியம் முதலாளி ஹாஜியார் அதே விமானியோடு டிரங்க் காலில் கத்திக்கொண்டிருந்தார். வைத்ததும் என் மேஜைக்கே வந்தார். அபூர்வம்.

"கெமிஸ்ட் அம்மா, அந்த தாமஸ் இன்னா சொல்றாரு தெரியுமா? நம்ம ஆள் ஒருத்தரை அனுப்பணுமாம். ஜெட்டுல ஏத்திக் காட்றாராம்."

"எதைக் காட்றாராம்?"

"கிளவுஸைத்தான். மேல போனா இன்னா ஆவுதுன்னு பக்கத்துல உக்காந்து பாத்துக்கங்கன்றாரு. டெலிபோன்ல சொன்னா புரியாதாம்."

போர் விமானந்தான். பயிற்சிக்கு என்று இரண்டு இருக்கைகளை அருகருகே வைத்தது. சிவிலியன்களை எப்போதாவது ஏற்றுவது உண்டாம். மீட்டர் செய்து கொடுக்கும் கம்பெனி இன்ஜினியர் ஒருவர் போயிருக்கிறார். பத்திரிகைக்காரர் ஒருவர் போயிருக்கிறார்.

"இக்பாலை அனுப்பிடலாம்," என்றார் ஹா. இக்பால் அவருடைய அண்ணன் மகன். ஏற்றுமதி பார்ப்பவன், முப்பது வயது, புல்லட்டில் ஏலகிரி மலை ஏறி இறங்குபவன். நியாயமான தேர்வு.

"தோலைத் தொட்டா தெரியறவங்க போறதுதான் முறை," என்றேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

ஹா. தாடியைத் தடவினார். "அப்ப நீங்களா?"

"வேலை அப்படி."

எனக்கென்று இதில் ஒன்றுமில்லை. தோலுக்காகத்தான் போகிறேன்.

மேலே உள்ள வரியைத் திரும்பப் படித்தேன். நம்பும்படி இல்லை.


செவ்வாய், 9 பிப்ரவரி

பனி குறைவு. லேபில் பிப்பெட் ஒன்றை உடைத்தேன். வேலைக்குச் சேர்ந்த வருஷத்துக்குப் பிறகு இதுதான் முதல்.

தங்கை கமலாவிடம் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஐம்பது வயசுல அவங்கவங்க காசிக்குப் போறாங்க. நீ இன்னாக்கா, ஜெட்டுல போறேன்ற."

"நாற்பத்தெட்டு."

"அது வயசு பாக்காதா?"

"பி.பி. பாக்குமாம். அது சரியா இருந்தா போதும்."

"புடவையில எப்படி ஏறுவ?"

அதை யோசிக்கவில்லை. விமானத்தின் எடை, வேகம், காற்றழுத்தம் எல்லாம் யோசித்தேன். புடவையை யோசிக்கவில்லை.

திடீரென்று திருப்பும்போது உடம்பு நாலு மடங்கு கனக்கும் என்று ஹா. சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர் நிரம்பிய வாளியை ஒரே கையில் தோள்வரை தூக்கிப் பார்த்தேன். பாதி என் மேல் கொட்டியது.

"இன்னாக்கா சத்தம்?"

"ஒண்ணுமில்ல. குளிக்கிறேன்."

"இப்பதானே குளிச்ச?"


வியாழன், 11 பிப்ரவரி

பாகாயம் போய்வந்தேன். ஆஸ்பத்திரியில் உடல்தகுதிச் சான்றிதழ் வாங்க. பஸ்ஸில் ஜன்னல் சீட். வானத்தையே பார்த்துக்கொண்டு போனேன். பருந்து மட்டும்.

கண் சரி. காது சரி. பி.பி. 160.

"டென்ஷனா இருக்கீங்களா?" என்றாள் டாக்டர். சின்னப் பெண்.

"இல்லையே."

கருவி ஒப்புக்கொள்ளவில்லை. நூற்று நாற்பதைத் தாண்டினால் கையெழுத்துப் போட மாட்டாளாம். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வரச் சொன்னாள். உட்கார்ந்தேன். பயமா என்று நேர்மையாகக் கேட்டுப் பார்த்தேன். பயமில்லை. இது வேறு. காலேஜ் முதல் வருஷம் ஹாஸ்டல் மொட்டைமாடியில் முதல்முதலாகத் தொலைநோக்கியில் நிலாவைப் பார்க்க வரிசையில் நின்றபோது இப்படி அடித்துக்கொண்டது. அதற்கப்புறம் இதயத்துக்கு இந்த வேலையே நான் கொடுத்ததில்லை.

இப்படி நினைத்தால் 170 ஆகும் என்று தோன்றியது. எனவே கலவையில் சித்தப்பா நடத்தும் நில வழக்கை ஆரம்பத்திலிருந்து நினைத்தேன். வரப்பு, சர்வே கல், வாய்தா, வக்கீல் மாறியது, மறுபடி வாய்தா. அதைவிடத் தூக்கம் வரவழைப்பது உலகத்தில் இல்லை.

136.

"இன்னா நினைச்சீங்க மேடம்?"

"நில வழக்கு."

"எல்லாருக்கும் அதுலதான் ஏறும். உங்களுக்கு இறங்குது." கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

திரும்பும்போது வேலூரில் இறங்கி காபி. தனியாக ஓட்டலில் உட்கார்ந்து காபி குடித்தேன். மைசூர்பாகும்.


ஞாயிறு, 14 பிப்ரவரி

பெங்களூர் வண்டி. இக்பாலும் கூட வந்தான். எனக்கு ஏதாவது ஆகி ஏற முடியாமல் போனால் அவன் ஏற வேண்டும் என்று ஹா. ஏற்பாடு. அவனுக்கும் டாக்டர் சர்டிபிகேட் வாங்கியாயிற்று.

"பயமா இருந்தா கடைசி நிமிஷத்துல கூட சொல்லுங்க மேடம். நான் ரெடி," என்றான் ஜோலார்பேட்டையில்.

"எனக்கு ஒண்ணும் இல்ல."

பங்காருப்பேட்டையில் மறுபடி. "தலை கிலை சுத்துதுன்னா சொல்லுங்க."

"வடை வேணுமா, இக்பால்?"

விமானப்படைத் தளத்தின் பெயரையும் விமானத்தின் பெயரையும் எங்கும் எழுத வேண்டாம் என்றார்கள். எழுதவில்லை.

தாமஸ் நேரில் ஒல்லி. திருச்சூர்க்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறார். வகுப்பு எடுத்தார்:

ஜி என்றால் கனம். தரையில் ஒரு ஜி. விமானத்தைக் கடுமையாகத் திருப்பினால் மூன்று, நாலு, ஐந்து.
இன்னும் கடுமையாகத் திருப்ப வேண்டும் என்றால் மைக்கில் "ஜி" என்று மட்டும் சொல்ல வேண்டும். போதும் என்றால் "ஸ்டாப்". நீளமாகப் பேசக் கூடாது.
கண் இருண்டால் வயிற்றை இறுக்க வேண்டும்.
தலைக்கு மேலுள்ள மஞ்சள் கைப்பிடியைத் தொடவே கூடாது, இழுத்தால் இருக்கையோடு வெளியே வீசிவிடும். அவர் சொன்னால் தொட வேண்டும். அப்போது தயங்கக் கூடாது.
வாந்திக்குப் பை உண்டு. பத்திரிகைக்காரர் பையை எடுக்க நேரமில்லாமல் கையுறையைக் கழற்றி அதில் எடுத்தாராம். "ஒரு துளி லீக் இல்லா, மேடம்." எங்கள் தோலுக்குக் கிடைத்த இரண்டாவது பாராட்டு.

பிறகு உடுப்பு. வாழ்க்கையில் முதல் தடவை கால்சட்டை. கண்ணாடியில் பார்த்தேன், மோசமில்லை. கொண்டை ஹெல்மெட்டுக்குள் போகவில்லை, தாழப் பின்னிக்கொண்டேன். அதற்குமேல் கால்களை இறுக்கும் ஒரு காற்றுப்பை உடுப்பு. ஆக்ஸிஜன் முகமூடி.

இங்கேதான் சிக்கல். முகமூடி படியவில்லை. இடது பக்கம் காற்றுக் கசிகிறது. இறுக்கினார்கள். கசிகிறது. தாமஸ் என் முகத்தருகே குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மேடம், இந்த மூக்குத்தி."

பன்னிரண்டு வயதில் குத்தியது. ஒரு நாளும் கழற்றியதில்லை. திருகு தோலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சோப்புப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. முகமூடி கசிந்தால் ஏற்ற முடியாது என்று தளத்து டாக்டர் சொல்லிவிட்டார். எல்லோரும் இக்பாலைப் பார்த்தார்கள். அவனுக்கு மூக்குத்தி இல்லை.

இக்பால் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தான். பிறகு வெளியே போனான். போட்டுப் பார்க்க உடுப்பு வாங்கப் போகிறான் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கூட ஒரு மெக்கானிக். கையில் மெல்லிய மூக்கு பிளையர், ஒரு சொட்டு எண்ணெய்.

"இது வரைக்கும் விமானத்துத் திருகுதாம்மா தொட்டிருக்கேன்," என்றார் மெக்கானிக். மதுரைக்காரராம். பிளையரை இரண்டு தடவை துடைத்தார்.

"இதுவும் திருகுதான். திருகுங்க."

இக்பால் டார்ச் பிடித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலி மட்டும். அதற்குள் திருகும் வந்துவிட்டது. மூக்குத்தியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். முகமூடி கச்சிதம்.

"ஏன் இக்பால்? நீ போயிருக்கலாமே."

"போயிருக்கலாம் மேடம்." டார்ச்சை அணைத்தான். "நீங்க மூணு நாளா லேபுல பாட்டுப் பாடிக்கினு இருக்கீங்க. உங்களுக்கே தெரியாது."

தெரியாது.


திங்கள், 15 பிப்ரவரி

மேகமில்லை. காற்று இல்லை. எழுத உட்கார்ந்தால் கை வேகமாகப் போகிறது, எழுத்து கோணல்.

ஏறியதும் சூடு. ரப்பர் வாடை, மண்ணெண்ணெய் வாடை. தாமஸ் என் வலது பக்கத்தில். அவர் கையில் எங்கள் கையுறை, என் கையிலும். ஓடுபாதையில் முதுகில் யாரோ மாடு முட்டியதைப் போல் ஒரு தள்ளல். அவ்வளவுதான், தரை இல்லை. எங்கே போயிற்று என்று தேடினேன். காலுக்கடியில் யூகலிப்டஸ் தோப்பு ஒரு புல்வெளி.

"எந்தா மேடம், உங்க ஊரு பாக்கணுமா?"

கிழக்கே திருப்பினார். நேற்று ரயிலில் வடையும் தூக்கமுமாக வந்த தூரம். நாலு வாக்கியம் பேசுவதற்குள் ஏலகிரி. மலை என்று சொல்லிக்கொண்டிருந்தோம், ஒரு மடித்துப்போட்ட போர்வை. பாலாறு வெள்ளையாக, அகலமாக, தண்ணீரில்லாமல், எவ்வளவு அழகு. அதன் ஓரத்தில் ஆம்பூர். தொட்டிகள் பழுப்பும் நீலமுமாகச் சின்னச் சின்னக் கட்டம். ஒரு கட்டத்துக்குள் இருபத்திரண்டு வருஷம் நின்றிருக்கிறேன். எது என்று கண்டுபிடிப்பதற்குள் பின்னால் போய்விட்டது.

பிறகு வேலை. தாமஸ் விமானத்தைச் சாய்த்து இழுத்தார். கன்னம் தொங்கியது. கால் உடுப்பு ஊதி இறுக்கியது. என் கையை மடியிலிருந்து எடுக்கப் பார்த்தேன். அது வேறு யாருடைய கையோ. வாளி ஒரு பொருட்டே இல்லை. அவருடைய கையுறையைப் பார்க்க வேண்டும் என்று வந்தவள், ஒன்றையும் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சமமானதும் கேட்டார். "மதியோ, மேடம்?"

போதுமா என்கிறார். போதும். ஆமாம் என்று சொல்ல வேண்டும். எங்கள் தோல் ஷாப்பில் ஆமாம் என்பதற்கு ஆமாம் என்று யார் சொல்கிறார்கள்? ஹா. சொன்னதற்கெல்லாம் உருது ஆமாமைத் தினம் நூறு தடவை சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது.

"ஜி," என்றேன்.

இழுத்தார். முன்னைவிடக் கடுமையாக. ஓரமெல்லாம் சாம்பலாயிற்று. வயிற்றை இறுக்கினேன். நடுவில் மிச்சமிருந்த வெளிச்ச வட்டத்தில் அவருடைய வலது கை மட்டும் தெரிந்தது, அப்போதுதான் பார்த்தேன். விரலின் பக்கவாட்டில் இருக்க வேண்டிய தையல் புறங்கைக்கு ஏறியிருந்தது. கைப்பிடியிலிருந்து தோல் நழுவவில்லை. தோலுக்குள்ளே கை நழுவுகிறது. உள்ளே நாங்கள் வைத்த வழவழப்பான லைனிங் துணி, வியர்வை, அதன்மேல் இந்தக் கனம். வெளிப்புறத்தையே அத்தனை நாள் இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறேன்.

"மதியோ?"

கண்டுபிடித்த சந்தோஷத்தில், "ஜி, ஜி."

வானம் கீழே போயிற்று. பூமி தலைக்கு மேல், வயல்களோடு, ஏரிகளோடு, ஒன்றும் விழாமல். சூரியன் கால்மாட்டிலிருந்து வந்தது. யாரோ சிரித்தார்கள் மைக்கில். தாமஸ் இல்லை.

முதல் ஜி நாக்குப் பிழை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஜி எந்த ஜி என்று எனக்கே தெரியவில்லை. யாரும் படிக்காத இந்த நோட்டில்கூட அதை உறுதியாக எழுத முடியவில்லை.

இறங்கினோம். ஏணியில் மதுரைக்காரர் பிடித்துக்கொண்டார்.

"இது வரைக்கும் ஒரு சிவிலியன் இன்னும் வேணும்னு கேட்டதில்லா," என்று தாமஸ் எல்லோரிடமும் சொன்னார். "இந்த மேடம் மூணு தடவை கேட்டு."

திருத்தவில்லை.

"எப்படி இருந்துச்சு மேடம்?" என்றான் இக்பால். இறக்கையை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு நின்றான்.

"நல்லா இருந்தது. தப்பு லைனிங்லதான்."




செவ்வாய், 16 பிப்ரவரி

உடம்பெல்லாம் வலி. தொடையில் உடுப்பு இறுக்கிய இடத்தில் சிவப்புப் பொட்டுகள். கமலா பார்த்துவிட்டு வாயில் கைவைத்தாள். விளக்கெண்ணெய் கொண்டுவந்தாள்.

"மூக்குத்தி எங்கக்கா?"

"கைக்குட்டையில இருக்கு."

"போட்டுக்கோ, தூர்ந்துடும்."

"பாக்கலாம்."

அவளுக்கு எல்லாம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். பூமி தலைக்கு மேல் இருந்தது என்றேன். "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று ஓடினாள். பொங்கியே போய்விட்டது. திரும்பி வந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "ம், தலைக்கு மேல. அப்புறம்?" என்று உட்கார்ந்தாள். மாலை வரை பேசினேன். இத்தனை நான் பேசி அவள் கேட்டதில்லை.


வியாழன், 18 பிப்ரவரி

வெயில் ஏறுகிறது. உள்ளங்கைப் பக்கம் லைனிங்கை எடுத்துவிட்டு, தோலின் சதைப்பக்கத்தைச் சொரசொரப்பாக விட்டு, இரண்டு ஜோடி தைக்கச் சொன்னேன். மதியத்துக்குள் தயார். போட்டு முறுக்கினால் தையல் நகரவில்லை.

ஹா.வின் அறையில் காட்டினேன். இக்பாலும் இருந்தான். ஹா. போட்டுப் பார்த்தார், மேஜை விளிம்பைப் பிடித்து இழுத்தார்.

"சபாஷ். அப்ப வேலை முடிஞ்சிடுச்சு. பார்சல் கட்டுங்க."

"முடிஞ்சதுன்னு சொல்ல முடியாது," என்றேன்.

"ஏம்மா?"

"நான் பாத்தது பிப்ரவரி. மே மாசம் உள்ளே சூடு ஜாஸ்தி, வியர்வை ஜாஸ்தி. உப்புப் பட்டா குரோம் தோல் எப்படி இறுகும்னு பாக்கணும். சதைப்பக்கம் மடியலாம். சாயம் கையில இறங்கலாம். கோடையில ஒரு தடவை மேல போய்ப் பாக்காம உறுதி சொல்ல முடியாது."

எல்லாம் உண்மை. ஒவ்வொரு சொல்லும்.

"செரி, மே மாசம் இக்பால் போவட்டும்."

கையுறையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹா. போட்டிருந்த ஜோடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"கெமிஸ்ட் அம்மா, ஆசையா இருந்தா ஆசையா இருக்குன்னு சொல்லுங்களேன். அதுக்கு எதுக்கு இவ்ளோ கெமிஸ்ட்ரி?"

பக்கத்துக் கூடத்தில் டிரம் உருண்டுகொண்டிருந்தது.

"ஆசையாத்தான் இருக்கு," என்றேன்.

"எனக்குந்தான் மேடம்," என்றான் இக்பால், உடனே.

"ரெண்டும் பைத்தியம்," என்று ஹா. டிரங்க் கால் புக் செய்யச் சொன்னார். இரண்டு பேர் என்று கேட்கப் போகிறார். லைன் இன்னும் கிடைக்கவில்லை. இதை அவருடைய அறையில் டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே டீ வந்து ஆறிக்கொண்டிருக்கிறது. மூவரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.