மரத்தூள் அடுப்பில் வைத்த வான்கோழி

அக்கா, மகள் வாங்கிவந்த கரண்டுச் சட்டியில் இன்று வான்கோழி வேகிறது. காலையில் போட்டால் சாயந்தரம்தான் ஆகுமாம், நடுவில் மூடியைத் திறக்கவே கூடாதாம். மல்லியும் வரமிளகாயும் சேர்ந்த வாசம் எழுந்ததும் ஜன்னலைத் திறந்துவைத்தேன். நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது.

தொண்ணூறுகளில் மதுக்கரையில் நம் இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். உங்கள் மாமியார் கறியை வீட்டுக்குள் விடமாட்டார், அதனால் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் மரத்தூள் அடுப்பு. நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து இறுக்கி, பாட்டிலை உருவிவிட்டுத் தீ வைப்பீர்கள். பற்றிக்கொண்டால் அரை நாள் நின்று எரியும். கிளறினால் தூள் சரிந்து அணைந்துபோகும். "இதுகிட்ட நம்ம அவசரமெல்லாம் ஆகாது கண்ணு" என்பீர்கள்.

அந்த வான்கோழியைக் குஞ்சிலிருந்து வளர்த்தது நீங்கள். உங்கள் வீட்டுக்காரர் உங்களை அடிக்க வந்தால் இறகை விரித்துக்கொண்டு அவர் காலைக் கொத்தும். அந்தத் தெருவிலேயே அவரை எதிர்த்தது அது ஒன்றுதான். நானோ, மூன்று வருஷமாக உங்கள் அலறல் கேட்கும்போதெல்லாம் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். தூ, நானும் ஒரு மனுஷி!

அந்த ஞாயிற்றுக்கிழமை, கூட்டாளிகளுக்கு விருந்து என்று அதை அந்த ஆளே அறுத்தார். பாதிக் கழுத்தில் விட்டுவிட்டார். அது ரத்தத்தைப் பீய்ச்சிக்கொண்டு சுவர்வரை ஓடிவந்து விழுந்தது. நீங்கள் அழுதுகொண்டே இறகு பிடுங்கினீர்கள். மத்தியானம் கூட்டாளிகளை முன்அறையில் உட்காரவைத்துவிட்டு அவர் பொடக்காலிக்கு வந்தார். சட்டியிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்துக் கடித்துத் துப்பினார்.

"பொறுங்க, இன்னும் வேகோணுமுங்க" என்றீர்கள்.

கேட்கிற ஆளா? தீ பெருகட்டும் என்று கம்பியை அடுப்புக்குள் விட்டுக் குத்தினார். தூள் பொலபொலவென்று சரிந்து அணைந்தது. அதற்கும் நீங்கள்தான் காரணமாம். அதே கம்பியால் உங்கள் முதுகில் அடித்தார், தோளில் அடித்தார், அப்புறம் மண்டையில். சுவருக்கு இந்தப்பக்கம் ஈரத்துணியைப் பிடித்தபடி நான் பார்த்துக்கொண்டே நின்றேன், அக்கா.

நீங்கள் முந்தானையால் சட்டியைப் பிடித்துத் தூக்கினீர்கள். கொதிக்கிற குழம்பில் பாதி அவர் தொடையில். "இன்னொருக்கா கை ஓங்குனீங்கன்னா மிச்சத்தை மூஞ்சியில ஊத்துவேனுங்க" என்றீர்கள். அப்போதும் மரியாதை குறையவில்லை.

அவர் கத்தலில் முன்அறையே ஓடிவந்து உங்கள் கூந்தலைப் பிடித்தது. அப்போதுதான் நான் சுவரைத் தாண்டினேன். "அவரே அடுப்பை எத்தி மேல ஊத்திக்கிட்டாருங்க, நான் பாத்தேன்" என்று கூசாமல் பொய் சொன்னேன். அதோடு அடங்கியது. அந்த ஆள் அதன்பிறகு உங்களைத் தொடவில்லை.

உங்கள் மண்டைக் காயத்தில் நான் மஞ்சள் வைக்கும்போது மெதுவாகக் கேட்டீர்கள்: "ஏங்கண்ணு, அந்தச் செவுரு அத்தன ஒசரமா?"

நான் மறுபடி மஞ்சளைக் குழைத்தேன்.

இன்று மாடி வீட்டில் பாத்திரம் உருண்டது, பின்னாலேயே அங்கே குடியிருக்கும் பெண்ணின் அலறல். "நமக்கெதுக்கும்மா?" என்றாள் மகள். நான் படியேறிப்போய்க் கை வலிக்கக் கதவைத் தட்டினேன். அவள் புருஷன் திறந்தான். அவனைத் தாண்டி உள்ளே பார்த்து, "அம்மணி, எங்கூட கீழ வா" என்றேன். செருப்புக்கூடப் போடாமல் வந்துவிட்டாள்.

உதட்டில் ரத்தத்தோடு என் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். கறி இன்னும் வேகவில்லை. நீங்கள் கேட்டதற்கு இப்போது சொல்கிறேன், அக்கா. அந்தச் சுவர் என் இடுப்பு உயரம்தான்.