தேசிக்காயில் உடைந்த அக்சில்

இஞ்சாருங்கோ,

இன்று காலை ரசத்துக்குப் போடுவதற்காகப் பெருங்காய டப்பாவைத் திறந்தேன். மூக்கில் ஏறியது உங்கள் காரின் பின் சில்லுகளைச் சுழற்றும் அக்சிலின் எண்ணெய் வாசம். இரண்டும் ஒரே வீச்சம்தான் என்று நான் சொல்லும்போதெல்லாம் உங்களுக்கு ரோசம் வரும். "ரெண்டையும் ஒண்டாச் சேர்க்கிறீரே, உமக்கு மூக்கு இருக்குதோ?" என்பீர்கள். அடுப்படியில் தனியே நின்று சிரித்தேன். நீங்கள் போய் ஒரு வருடமாகப் போகிறது. தனியே நின்று சிரிக்க இப்போதுதான் முடிகிறது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஜேர்மனியில் இருந்தபோது, தன் நாட்டுக்குத் திரும்பிய ஓர் அமெரிக்கப் பட்டாளக்காரனிடம் நீங்கள் வாங்கிய கார் அது. நீண்ட மூக்கு, இரண்டே கதவு, வீதியே அதிரும் சத்தம். லண்டனுக்குக் குடிவந்தபோது என் தையல் மெஷினுக்கு இடமில்லை என்றீர்கள்; காருக்கு மட்டும் இடம் இருந்தது. தோர்ண்டன் ஹீத்துக்கு வந்து சேர்ந்ததும், இருந்த என்ஜின் போதாதென்று அதைவிடப் பெரியதொன்றைப் பூட்டினீர்கள். பூட்டிய கையோடு விம்பிள்டன் பிள்ளையாரிடம் பூசைக்குக் கொண்டுபோனோம்.

ஐயர் கற்பூரம் காட்டிவிட்டு நான்கு சில்லுகளுக்கு முன்னாலும் தேசிக்காய் வைத்தார். "மெல்லமா எடுங்கோ" என்று படித்துப் படித்துச் சொன்னார். பள்ளிக்கூடம் போகும் வயதில் இருந்த மகள் பின்சீட்டில் இருந்தாள். சுற்றி நின்று சனம் பார்க்கும்போது மெல்லமாக எடுக்கிற ஆளா நீங்கள்? ஒரே அமுக்கு. 'டங்' என்றொரு சத்தம். கார் ஓரடிகூடப் போகவில்லை. பின் சில்லு ஒன்று, உள்ளே முறிந்த இரும்புத் தண்டையும் இழுத்துக்கொண்டு மட்காட்டுக்கு வெளியே வந்து சரிந்து நின்றது. அதன் முன்னால் இருந்த தேசிக்காய்க்கு ஒரு சேதமும் இல்லை.

சகுனம் சரியில்லை என்று யாரோ சொன்னார்கள். எனக்குச் சகுனத்தில் நினைவு போகவில்லை. அந்தச் சில்லையும் பின்சீட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். இதே சில்லு பெரிய வீதியில் ஓடும்போது கழன்றிருந்தால் மகளின் கதி என்ன? பிள்ளையார் வாசலில் கழன்றதே, அது போதும் என்று கும்பிட்டேன்.

ஃபாரஸ்ட் கேட் பகுதியில் கராஜ் வைத்திருக்கும் உங்கள் கூட்டாளி வந்து பார்த்தார். புது என்ஜினின் பலத்தைப் பழைய அக்சில் தாங்காது என்றார். இரண்டு அக்சில்களில் ஒன்றை எடுக்கலாம். முதலாவது பழையதைப் போன்றதுதான், தண்டு மட்டும் தடிப்பு, அப்படியே பூட்டிவிடலாம். மற்றது பாரம் கூடியது. வெட்டி ஒட்டவேண்டும், காரின் வேகத்தையும் கொஞ்சம் தின்னும். நீங்கள் யோசிக்காமல் முதலாவதைச் சொன்னீர்கள். தேத்தண்ணி கொண்டுவந்த நான் இடையில் புகுந்தேன்.

"அது உடைஞ்சால் என்ன நடக்கும்?"

"அது உடையாது."

"போன கிழமையும் அப்பிடித்தானே சொன்னனீங்கள்?"

கராஜ் அண்ணை மீசைக்குள் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, முதலாவதில தண்டை உள்ளுக்க ஒரு சின்ன வளையம்தான் பிடிச்சிருக்கும். தண்டு முறிஞ்சால் சில்லும் சேர்ந்து வெளியால வந்திடும். மற்றதில சில்லுப் பக்கமே போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். உள்ளுக்க முறிஞ்சாலும் சில்லு நிக்கும். கார் ஓடாது, அவ்வளவுதான்."

"அப்ப மற்றதைப் போடுங்கோ. இல்லாட்டி என்ரை பிள்ளை அந்தக் காரில ஏறாது."

"ஓடுறதுக்குத்தான் அக்சில் பூட்டுறது, உடையிறதுக்கில்லை" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனீர்கள். சில நாள் சோற்றைக் கிண்டிக்கொண்டிருந்தீர்கள். பிறகு ஒருநாள் வந்து, "இஞ்சாரும், மற்றதையே எடுப்பம். நீர் சொன்னதுக்காக இல்லை. அது வடிவாவும் இருக்குது" என்றீர்கள். காருக்கு அடியில் கிடக்கும் அக்சிலின் வடிவை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? நானும் ஓம் என்று தலையாட்டி வைத்தேன்.

அது ஜேர்மனியில்தான் கிடைத்தது. உங்கள் அக்காவின் ஆட்கள் ஒரு கலியாணத்துக்கு வான் வண்டியில் வந்தபோது, பலகாரத் தட்டுகளுக்குக் கீழே படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். அந்தக் கலியாணத்தில் அக்சில் எண்ணெய் மணத்த பயத்தம் பணியாரத்தைச் சாப்பிட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நீங்கள் கவனிக்காதது போல இருந்தீர்கள். அதற்குப் பிறகு கார் கொஞ்சம் ஊளையிட்டது. "நீர் கேட்ட அக்சில் அழுகுது" என்று ஏறும்போதெல்லாம் சொல்லிக் காட்டினீர்கள். கடைசியில் உங்களைக் கொண்டுபோனது அந்தக் கார் இல்லை, மாரடைப்பு. காரை விற்றுவிடலாம் என்றேன். மகள் கேட்கவில்லை. படித்து முடித்து வேலைக்குப் போகிறவளை என்னால் மறிக்க ஏலுமா?

இந்த வருடம் டெலிபோன் அடித்தாலே எனக்குப் பயம். வன்னியிலிருந்து வந்த செய்திகளை நீங்கள் கேட்காமல் போனது ஒரு வகையில் நல்லது. அங்கே சண்டை முடிந்த மே மாதத்துக்குப் பிறகு மணிச்சத்தம் பிடிக்காமல் போய்விட்டது. அப்படியிருக்க, போன மாதம் ஒரு பின்னேரம் மகள் டெலிபோனில் கூப்பிட்டாள். பின்னால் லொறிகள் பாயும் சத்தம்.

"அம்மா, ஐ'ம் ஓகே. பயப்பிடாதேங்கோ. எம்-25 மோட்டர்வேயில நிக்கிறன். காஸ் குடுத்தால் என்ஜின் மட்டும் கத்துது, கார் போகேல்ல. ஓரமா விட்டிட்டன்."

"சில்லு?" என்று கேட்டேன். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

"வாட் சில்லு? நாலும் இருக்கு அம்மா."

நான் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டேன். இந்த வருடம் முழுவதும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கும் தெரியவில்லை, "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

கராஜ் அண்ணை காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். தண்டு உள்ளே பழைய வெடிப்பில் முறிந்திருந்ததாம். முதலாவது அக்சிலைப் போட்டிருந்தால், என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். புதுத் தண்டு போட்டாயிற்று. மகளும் உங்களைப் போலவே சீறிக்கொண்டுதான் போகிறாள்.

அவள் காரை எடுத்துக்கொண்டு போனால் நான் இப்போது படுத்து நித்திரை கொள்கிறேன். நீங்கள் ஓட்டிய காலத்தில், நீங்கள் வீடு வந்து சேரும்வரை ஒருநாளும் கண் மூடியதில்லை. இந்த நிம்மதியை அந்த அக்சிலோடு சேர்த்து நீங்கள்தான் பூட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். என்ன, அதை நீங்கள் இருக்கும்போதே நான் கொஞ்சம் அனுபவித்திருக்கலாம்.