நிழல் மூன்றடிக்குள் வரும்வரை

ஐப்பசி 3, திங்கள்

காலையில் மழை. ஒன்பதுக்கு விட்டது. அவித்த நெல் காயவில்லை.

பேரப்பிள்ளைகள் விபரம். கோயிலில் யாரும் கேட்டால் தடுமாறாமல் சொல்ல:
மூத்தவள், கொழும்பில் பல் டாக்டர்.
இரண்டாமவள், மட்டக்களப்பில் கம்பஸ் படிப்பு. முதல் வகுப்பு.
சின்னவள் தர்ஷி, ஓ.எல். ஒன்பது ஏ. கணிதத்துக்கும் ஏ. என் மகனின் பிள்ளை, இந்த வீட்டில்தான்.
நிரோஷன், மகள் சாந்தியின் ஒரே ஆண்பிள்ளை. கனடாவில் இஞ்சினியர். பன்னிரண்டு வயதில் வாகரையை விட்டுப் போனவன். சொந்த வீடு. இந்த வருஷம் வேட்டைத் துவக்கு லைசன்சும்.

அவன் நாலு நாள் காட்டில் கூடாரம் அடித்து வாடி போட்டு வேட்டைக்குப் போகிறான். கூட ஒரு வெள்ளைக்காரக் கூட்டாளி. எல்க் என்று ஒரு மிருகம். நம்முடைய மரை மான் மாதிரித்தான், குதிரை உயரமாம்.

போனில் கேட்டான், வாடியில் இருந்து ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடப்பது, அம்மப்பா வேட்டைக்கு எப்படிப் போவார் என்று. மைல் ஒன்றும் இல்லை என்றேன். காலையில் வெளிக்கிட்டு நடக்க வேண்டும். இடைக்கிடை நின்று தன் நிழலைத் தன் பாதத்தால் அளக்க வேண்டும். மூன்றடிக்குள் சுருங்கினால் உச்சிப்பொழுது. மரை கண்முன் நின்றாலும் திரும்ப வேண்டும். போன தூரம் வந்து சேர வெளிச்சம் இருக்கும். இவர் முப்பது வருஷம் அப்படித்தான் போய் வந்தார். ஒரு நாள் இருட்டுப்படவில்லை. இப்போது இவர் கண்மூடிப் பத்து வருஷம்.

"இஞ்சினியர் எழுதி எடுக்கிறாரோ?"
"ஓம் அம்மம்மா. அஞ்சாம் வகுப்பு டீச்சர்ர பாடமெல்லோ."

கள்ளன். நான் அஞ்சாம் வகுப்பு படிப்பித்ததை மறக்கவில்லை. மருமகள் வனிதாவுக்கு இதை இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் எழும்பிப் போய்விட்டாள்.

ஐப்பசி 6, வியாழன்

முழங்கால் நோவு. வாவியில் தண்ணீர் ஏறுகிறது.

நிரோஷன் போனில் குரல் அனுப்பியிருந்தான். அவனுக்குப் பகல் நமக்கு இரவு, விடிந்துதான் கேட்கிறோம். இரண்டு நாள் கூட்டாளியோடு நடந்தானாம். வழி காட்டும் கருவி கூட்டாளியிடம்தான். இப்போது அவன் கால் சுளுக்கி வாடியில். நிரோஷன் தனியே.

"தடம் புதுசு அம்மம்மா. பனியில அப்பிடியே கிடக்கு. நிழல் இன்னும் பதினஞ்சு அடி. நேரம் கிடக்கு. போன் குளிருக்குச் செத்திரும், வைக்கிறன்."

பேசும்போது காலடியில் பனி நொறுங்கும் சத்தம். பேசி முடித்து நின்றான். சத்தம் நிற்கவில்லை. இன்னும் இரண்டு எட்டு வைத்தது.

திரும்பப் போடச் சொன்னேன். வனிதாவுக்கும் கேட்டது. "காத்து மாமி" என்றாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஐப்பசி 7, வெள்ளி

கனடாவில் இருந்து சாந்தி போன் எடுத்தாள். அழுகை. நிரோஷன் வாடிக்குத் திரும்பவில்லை. பொலிஸ் தேடுகிறது.

கோயிலுக்குப் போகவில்லை. யாராவது கேட்பார்கள்.

மத்தியானம் வெயில் எறித்தது. முற்றத்தில் நின்று அளந்தேன். இரண்டடி. பிழை இல்லையே.

தர்ஷி பள்ளியால் வந்து சொன்னாள், அந்த ஊரில் இந்த மாதம் சூரியன் மேலே ஏறாதாம். நாள் முழுக்கச் சரிந்துதான் நிற்குமாம். உச்சியிலும் நிழல் பதின்மூன்று அடி.

"அப்ப மூணடி எப்ப வரும்?"
"வராது அப்பம்மா."

இஞ்சினியருக்கு இது தெரியாதா. தெரியும். ஆனால் முன்னால் தடம் இழுக்க, பின்னால் என் சொல் தள்ள, எவன் நின்று யோசிப்பான்.

ஐப்பசி 8, சனி

தகவல் இல்லை.

மழை விட்ட மணலில் காலடித் தடம். வேலிப் படலையில் இருந்து வாசல் வரை. திரும்பிப் போன தடம் இல்லை. தன்னுடையது என்றாள் வனிதா. அவள் பாதத்தை வைத்துப் பார்த்தோம். தடம் பெரிது. வனிதா தடத்தைக் கூட்டி எடுத்தாள்.

ஐப்பசி 9, ஞாயிறு

உயிரோடு இருக்கிறான். ஹெலிகொப்டரில் இருந்து கண்டார்களாம். வாடிக்கு நேர் எதிர்ப்பக்கம், நெடுந்தூரம். அப்போதும் நடந்து கொண்டிருந்தானாம். நடந்து, நின்று, குனிந்து, பாதத்துக்கு முன் பாதம் வைத்துத் தன் நிழலை அளந்து, மறுபடி நடந்து.

பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். மூன்று.

ஐப்பசி 12, புதன்

நிரோஷனோடு பேசினேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறான். சாப்பிட்டாயா என்றால் ஓம். நோகுதா என்றால் இல்லை. பகிடி ஒன்றும் விடவில்லை.

பிறகு சொன்னான்: "எனக்குப் பின்னால ஓராள் அளந்துகொண்டே வந்தவர் அம்மம்மா. அவர்ர நிழல் மூணடிதான்."

எப்படி இருந்தார் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் சாந்தி போனை வாங்கிவிட்டாள். மருந்து மயக்கமாம்.

அவன் கால்களைப் பற்றிச் சாந்தியிடம் கேட்டேன். "கொஞ்சம் விறைச்சது, வேற ஒண்டுமில்லம்மா." அவ்வளவுதான். படம் ஒன்று வந்தது. முகம் மட்டும். வெள்ளைப் போர்வை நாடி வரை இழுத்து மூடியபடி. வனிதா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக் கொண்டாள். அவளுக்கு என்னவோ சொல்லியிருக்கிறார்கள், எனக்குத்தான் இல்லை. நடக்கச் சொன்னது நான்.

பின்னேரம் சாந்திக்குக் குரல் அனுப்பினேன். கேட்டுவிட்டாள் என்று தர்ஷி காட்டினாள், பதில் இல்லை. நான் சொன்னது இவ்வளவுதான். அந்தப் போர்வையை எடு மகள். முழுசா, ரெண்டு காலும் தெரிய, புதுசா ஒரு படம் எடுத்து அனுப்பு.