வண்டு போல் இரைந்தபோது

மாசி 11, புதன்.

மனம் ஆற மருந்தோடு மூச்சுப் பயிற்சியும் வேண்டுமென்று டொக்டர் சொன்னதால் இன்று மயிலிட்டி மண்டபத்துக்குப் போனேன். சொல்லித்தந்தவள் சின்னப் பெட்டை.

“கண்ணை மூடி, காதைப் பொத்திக்கொண்டு வண்டு மாதிரி இரையுங்கோ, அக்கா.”

எல்லோரும் ஒன்றாக இரைந்தோம். சண்டைக் காலத்தில் குண்டு போட வந்த பொம்மர் அப்படித்தான் இரையும். கண்ணைத் திறந்தபோது நிலத்தில் குப்புறக் கிடந்தேன். பக்கத்துப் பெண்களும் அப்படியே கிடந்தார்கள்.

“ஏன் எல்லாரும் படுத்திட்டியள்?” என்று அவள் பயந்துபோய்க் கேட்டாள். சீலையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு எழும்பினோம்.

படுக்கமுன் வீட்டிலும் செய்யச் சொல்லியிருந்தாள். சற்றுமுன் மெதுவாகத்தான் செய்து பார்த்தேன். நித்திரையில் கிடந்த இவர் துடித்தெழும்பினார்.

“விளக்கை நூர்! பிள்ளையளைப் பங்கர்க் குழிக்குள்ளை கொண்டு போ!”

பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். அது தெரிந்தும் விளக்கை அணைத்தேன். இன்னும் போடவில்லை. இருட்டில்தான் எழுதுகிறேன்.